விசிறிச் சத்தம்

தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பொற்கொடிக்குக் குரல் இல்லை. அவள் பேசிய பழைய பதிவு ஒன்று கைபேசியில் இருந்தது. அதிலும் மின்விசிறியின் இரைச்சல் அவள் பேச்சை மூடியிருந்தது. அந்த இரைச்சலைப் பிரித்தெடுக்கும் வேலையை அவள் கணவன் ஞானவேல் தன் பழைய லினக்ஸ் மடிக்கணினியிடம் கொடுத்திருந்தான். கத்திரி வெயில். சூடு தாங்காமல் கணினி இரண்டு முறை நடுவில் அணைந்து, வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இம்முறை அதைச் செங்கற்களின் மேல் தூக்கி வைத்து, அது ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தான். பொற்கொடி தன் பக்கமிருந்த மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பினாள்.

"தையல்ல வேர்வை படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்று அவன் விசிறியை அவளிடமே திருப்பினான். அவள் மறுபடி கணினிக்குத் திருப்பினாள்.

"சரி தாயி. ஒன்னைவிட ஒன் குரலுக்குத்தான் மவுசு."

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

சாயங்காலம் முதல் பகுதி தயாரானது. மீதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஞானவேல் முடிந்த பகுதியை ஒலிக்கவிட்டான். அறையிலிருந்த விசிறியின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. பொற்கொடி எழுந்து விசிறியை நிறுத்தினாள். பதிவிலிருந்து அவள் குரல் கேட்டது:

"வெண்டைக்கா வாங்கிட்டு வரச் சொன்னா, வில்லு செய்யிற மாதிரி முத்தலா வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அவ்வளவுதான். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் எண்பதைத் தாண்டியது. ஞானவேலின் கை விசிறியின் பொத்தானுக்குப் போனது. பொற்கொடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று ஒரு விரலைக் காட்டினாள்.