படலத்தில் காந்தம்

அக்கரப்பத்தனைத் தோட்டத்துக்கு யோகேஸ்வரி வந்தபோது தொழிலாளர் குடியிருப்பான லயமே வாசலில் திரண்டு நின்றது. காந்தம் இருக்கவே முடியாத ஒட்சைட்டுப் பொருளை மெல்லிய படலமாகப் பூசி, அதில் காந்தம் இருப்பதாகக் கண்டுபிடித்தவள் அவள். கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்திருந்தது. அடுத்த வாரம் மேலாய்வுக்காக இரண்டு வருடம் ஜேர்மனிக்குப் போகிறாள் என்று தோட்டமே பேசிக்கொண்டது.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன்மா," என்றார் அப்பா பெருமாள். தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் வேலை அவருக்கு.

உள்ளே போனதும் அவள் கேட்டாள். "அப்பா, சலிச்ச தூளுக்கு மேல காந்தம் ஏன் வைக்கிறீங்க?"

"மெசின் தேஞ்சு இரும்புத்தூசி விழும். அத இழுக்கத்தான்."

"அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியிது!"

அவள் அழத் தொடங்கினாள்.

"ரெண்டு வருசம்தானேம்மா, ஓடிப்போயிரும்."

"நான் போகலப்பா. அந்தப் படலத்த உருக்கு இடுக்கியாலதான் பிடிச்சேன். போன மாசம் புதுப் படலம் ஒண்ண பிளாஸ்டிக் இடுக்கியால பிடிச்சுப் பார்த்தேன். காந்தமே இல்ல. நாலு வருசமா நான் அளந்தது இடுக்கியில இருந்து ஒட்டின இரும்ப."

"யாரு கண்டுபிடிச்சா?"

"யாருமில்ல. நானேதான் சஞ்சிகைக்கு எழுதினேன். கட்டுரைய நீக்கிட்டாங்க. ஜேர்மனியில வர வேணாம்னுட்டாங்க."

பெருமாள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா," என்றார்.

யோகேஸ்வரியின் அழுகை நின்றுவிட்டது. அவளுடைய ஆய்வை வழிநடத்திய பேராசிரியரும் இதையேதான் சொல்லியிருந்தார். அப்பாவாவது வேறு மாதிரி சொல்வார் என்று நம்பித்தான் அவள் பஸ் ஏறி வந்திருந்தாள்.