மூன்றாவது விலாசம்

"அக்கா, உங்க ஊட்ல மூணு காட்டுதுங்க."

இலக்கியா மடியிலிருந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அடிவாரத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வந்து, நாகலூர் எஸ்டேட் லைன் வீடுகளின் ஊராட்சி இன்டர்நெட் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மேனகாவின் வீடுதான் கடைசி.

"மூணா? எம்பட போனு ஒண்ணு, டிவி ஒண்ணு. ரெண்டுதானுங்களே அம்மிணி?"

"இத்தன நாளா நெட்டுல இந்த மலைக்கே ஏழெட்டு விலாசந்தானுங்க. ஒரே கம்பளிக்குள்ள ஊரே படுத்த மாதிரி, எது யாரு காலுன்னே தெரியாது. இப்ப ஒவ்வொரு போனுக்கும் தனி விலாசம். இனி ஒருத்தரும் ஒளிய முடியாதுங்க்கா."

மேனகா திரையிலிருந்த மூன்று வரிகளையும் எண்ணிப் பார்த்தாள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன், குவைத்துக்கென்று கிளம்பி மூன்று மாதமான அவள் புருஷன் சத்யராஜ்.

'இது வேற எவனுக்காச்சும் தெரிஞ்சுது, அப்புறம் இருக்குது உனக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் அவன் பெட்டியைத் தூக்கினான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏதோ சொன்னதற்கு அவள் ஒருமுறை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு வாங்கிய அடியில் கன்னம் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

"பக்கத்து ஊட்ல யாராச்சும் புடிக்கறாங்களாக்கா?"

"அவங்க திருப்பூரு போயி வருசமாச்சுங்க. பூட்டியேதான் கெடக்குது."

லைன் வீடுகளில் நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அந்த இடைவெளியில் என்னவோ சரசரத்தது. கரித்தூள் உதிர்ந்து அடுப்புமேல் விழ, இலக்கியா துள்ளி எழுந்தாள்.

"பயப்படாதீங்க, மரநாயி. நேத்து அரைச்சீப்பு வாழப்பழத்தக் காலி பண்ணிருச்சு. தோல மட்டும் உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குது."

"தோல உரிச்சுத் திங்குதா? நொம்ப நாகரிகமான மரநாயிங்க்கா!"

இருவரும் சிரித்தார்கள். மேனகாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"எங்கூட்டுக்காரருகிட்ட நானே சொல்லீர்றேன். வேற வழியாத் தெரிஞ்சுதுன்னா வந்து கொன்னே போட்ருவாரு."

போனை எடுத்தாள். அந்தப் பள்ளத்தில் எந்த டவரும் எடுக்காது. யாரோடு பேசுவதானாலும் இந்தப் பெட்டி வழியாகத்தான்.

'நம்ம நெட்ட யாரோ எடுக்கறாங்க. சத்தியமா நான் யாருக்கும் சொல்லலீங்க. கட் பண்ணச் சொல்லட்டுமா?'

அனுப்பினாள். வேலை நேரத்தில் அங்கே போனைத் தொடவே விடமாட்டார்கள் என்பான். ராத்திரி படிப்பான், ராத்திரி இருக்கிறது வசவு.

பதில் உடனே வந்தது.

'விடு. சின்னப் பசங்களா இருக்கும். கட் பண்ண வேண்டாம்.'

மேனகா அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். வசவு இல்லை. யார் வந்தது, எவனைப் பார்த்துப் பேசினாய் என்ற கேள்வி இல்லை. கடல் கடந்தால் மனிதன் மாறிவிடுவான் போலிருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டிப் பார்த்த இலக்கியாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"அண்ணன் தங்கமானவருதானுங்க. ஆனா இத விடக் கூடாதுங்க்கா. அந்த மூணாவது போனு தொலைவுல இல்ல, சிக்னல் முழுசாக் காட்டுது. தனியா வேற இருக்கறீங்க. நாளைக்கு அவன் ஏடாகூடமா எதையாச்சும் பண்ணி வெச்சான்னா, போலீசு உங்க வாசல்லதான் வந்து நிக்கும்."

மேனகா சுவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"சரி. எடுத்துருங்க அம்மிணி."

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சை மீறி அவள் எடுத்த முதல் முடிவு அது.

இலக்கியா தட்டினாள். திரையில் மூன்று வரிகள் இரண்டாயின. பாஸ்வேர்டையும் மாற்றி, மேனகாவின் போனிலும் டிவியிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

"கடைசி பஸ்ஸு போயிருமுங்க. ஒண்ணுன்னா கூப்புடுங்க்கா, யோசிக்காதீங்க."

மூடுபனி வாசல்படி வரைக்கும் ஏறி வந்திருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அவளை மறைத்துவிட்டது.

மேனகா கதவைத் தாழிட்டாள். மனசு கேட்கவில்லை. இப்போதே சொல்லிவிடுவதுதான் நல்லது.

'கோவிச்சுக்காதீங்க. பயமா இருந்துச்சு, கட் பண்ணச் சொல்லிட்டேன்.'

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இப்போதுதானே பதில் போட்டான்? குவைத்திலும் நெட் போய்விட்டதோ என்னவோ.

அடுப்புமேல் மறுபடியும் கரித்தூள் உதிர்ந்தது. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சூ! போ!" என்று மரநாயை விரட்டினாள்.

அது ஓடவில்லை. நடுச்சுவருக்கு மேலிருந்து குரல் மெதுவாக வந்தது.

"வேண்டாம்னு சொன்னனே, மேனகா."