கல்யாண ஒத்திகை

"பசைக் கையோட கிட்ட வராதேடி! லேஸ்ல பட்டா அவ்வளவுதான், கறை போகவே போகாது."

அத்தை போட்ட சத்தத்தில் சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அறை நடுவே ஸ்டூல் மேல் பெரியவள் நின்றிருந்தாள். உடம்பில் அம்மாவின் கல்யாண கவுன். இத்தனை வருஷம் பெட்டியில் கிடந்து பாலேட்டு நிறத்துக்கு மாறியிருந்தது. தையல்கார அத்தை இடுப்பைப் பிடித்துப் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கும் தனக்கும் ஒரே உயரம், ஒரே உடம்புவாகு. தனக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நினைத்தபோது சின்னவளுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பெரியவள் ஊரிலிருந்து வந்து பெட்டியைக் கீழே வைத்த நாளிலிருந்து வீடே அவள் கைக்குப் போய்விட்டது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது, எல்லாம் நம் கையால் செய்ய வேண்டும், அந்தக் காலத்துக் கல்யாணம் மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்பா பரணிலிருந்து டைப்ரைட்டரை இறக்கி, அழைப்பிதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். தச்சு வேலை செய்யும் சித்தப்பா பழைய கதவுச் சட்டங்களை இழைத்து, சர்ச் வாசலுக்கு வளைவு செய்தார். அம்மா துணிப்பூ தைத்தாள். சின்னவளுக்குக் கிடைத்தது, மேஜையில் பூ வைப்பதற்காகக் காலி ஜாம் பாட்டில்களுக்கு லேஸ் ஒட்டும் வேலை.

"அக்கா, பூச்செண்டுக்கு நீல ரிப்பன் கட்டலாமா?"

"நீலமா? கண்ணைக் குத்தும். சந்தன நிறம்தான்."

"எனக்கு நீலம் பிடிச்சிருக்கு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது குட்டி. பேசாம போய் பாட்டிலை ஒட்டு."

சின்னவள் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்த வீட்ல நான்னு ஒருத்தி இருக்கறது யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"மெதுவா பேசுடி, காதுல விழப் போகுது. அவ ஆசைப்படறா. விட்டுக் குடேன்."

"எனக்குன்னு ஆசை கிடையாதா?"

அம்மா நூலையே பார்த்தாள். "கொஞ்ச நாள்தானே. அவ மனசு நோகக் கூடாது."

சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். புது உடுப்பு அக்காவுக்கு, அவள் போட்டுக் கழித்தது தங்கைக்கு. அக்கா அழுதால் வீடே ஓடிவரும், தங்கை அழுதால் "வாயை மூடு" என்பார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். வேலை வெளியூரில், கல்யாணத்தன்று காலையில்தான் வந்து இறங்குவார். போனை எடுத்தது பெரியவள்.

"ஆமாங்க, கோட்டு பழுப்பு நிறம்தான். பாக்கெட்ல குத்தற பூவை நாங்களே தைச்சிட்டோம்... ஐயோ, அந்த ஷூவா? வேண்டவே வேண்டாம்!" கலகலவென்று சிரித்தாள்.

சின்னவள் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். "என்கிட்ட குடேன்க்கா. ரெண்டு வார்த்தை பேசிட்டுத் தரேன்."

"இருடி, இன்னும் ஷூ முடிவாகல."

முடிவானதும் லைனும் துண்டாகிவிட்டது. சின்னவள் ஒட்டி வைத்திருந்த லேஸைப் பிய்த்து எறிந்தாள். கல்யாணத்தன்று மழை கொட்ட வேண்டும், துணிப்பூவெல்லாம் நனைந்து தொங்க வேண்டும் என்று மனசாரச் சபித்தாள். கல்யாணமே நின்றுபோனால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சர்ச்சில் ஒத்திகை. வழக்கமான பாஸ்டருக்குக் காய்ச்சல் என்று, வேறு சபையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மாப்பிள்ளை இடத்தில் சித்தப்பா விறைப்பாக நின்றார்.

"முக்காடு எப்படி விழுதுன்னு பார்த்துடலாம்" என்று பெரியவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பூச்செண்டை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு நடுப்பாதையில் மெதுவாக நடந்தாள். சின்னவள் முக்காட்டின் நுனியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தபடி நடந்த அப்பாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று பாஸ்டர் கேட்டார்.

"நான்..." அப்பாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

இத்தனை நாள் வாய் ஓயாமல் உத்தரவு போட்ட பெரியவள், தலையைக் குனிந்துகொண்டு சின்னக் குழந்தை மாதிரி அழுதுகொண்டு நின்றாள். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை. முதல் பெஞ்சில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஸ்டர் சிரித்தார். "ஒத்திகைக்கே கல்யாணப் பொண்ணு இப்படி அழுதா, நாளைக்கு என்னம்மா பண்ணப் போறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள்தான் முன்னால் வந்தாள். நாக்கு நுனிவரை வந்த கோபம், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ சிக்கிக்கொண்டது.

"பாஸ்டர், கல்யாணப் பொண்ணு நான்தான்" என்றாள் மெல்ல. "அக்காவுக்குப் போன வருஷமே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் ஆயிடுச்சு, எங்க வீட்ல யாருமே போகல... இன்னொரு வாட்டி அவளே நடக்கட்டும்."