மாமன் வயிறு

குறைமாதத்தில் பிறந்த அந்தக் குழந்தைக்கு முன்னால் பூனைக்குட்டியே பயில்வான். குடல் அழுகத் தொடங்கிவிட்டது, வாயில் ஒரு சொட்டுகூட வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நாக்கில் முதல் தேன் தொட்டு சேனை வைப்பவரின் வாகுதானே பிள்ளைக்கு வரும்? தாய் மாடத்தி தன் அண்ணன் இசக்கிப்பாண்டியை வரவழைத்தாள். பந்தியில் அவர் உட்கார்ந்தால் அண்டா கவிழும். கருங்கல்லையும் செரிக்கிற வயிறு.

"ஒரே சொட்டு வைங்கண்ணே. ஒங்க வயிறு வந்துட்டா இவன் பொழச்சுக்கிடுவான்."

நர்ஸ் திரும்புவதற்குள் பிள்ளை கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குள் தேன் தொட்ட அவருடைய தடித்த விரல் நுழைந்து வெளியே வந்தது. குழந்தை சப்புக்கொட்டியது. சாயங்காலம் அதன் வயிறு பளபளவென்று உப்பி எழுந்தது.

"ஏட்டி, பாத்தியா?" இசக்கிப்பாண்டி தன் தொப்பையைத் தடவினார். "அப்படியே மாமன்!"

பெற்றதிலிருந்து முதல்முறையாக மாடத்தி சிரித்தாள்.