மதிய விமானத்தின் பாரம்

"நானூறுன்னு எழுது."

"சரக்கு ஆயிரத்து இருபது கிலோ இருக்கு சார்."

"நான் எழுதச் சொன்னது நானூறு!"

விமானக் கம்பெனி மேனேஜர் போட்ட சத்தத்தில், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். விமானத்தில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று கணக்குப் போட்டு விமானியிடம் தாள் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். ஒரு கிலோ கூடினாலும் விடமாட்டாள். ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் தராசு.

"சார், வெளியே முப்பத்தொன்பது டிகிரி. இந்தச் சூட்டுக்கு இவ்வளவுதான் தூக்கும்னு அட்டவணை இருக்கு. அறுநூத்து இருபது கிலோ ஜாஸ்தி. பயணிங்க எல்லாரும் போகணும்னா, சரக்குல இருக்கற மோட்டார் பெட்டிங்களை இறக்கியாகணும்."

"அது யார் சரக்கு தெரியுமா? நம்ம பெரிய கஸ்டமர். இன்னைக்கே போய்ச் சேரணும். போன வாரம் இதே விமானம் இதைவிட ஜாஸ்தி தூக்கலையா?"

"அது காலையில போச்சு சார். வெயில் ஏற ஏற காத்து லேசாயிடும். இறக்கைக்குப் பிடிப்பு இருக்காது, இன்ஜினும் இழுக்காது. நம்மது ஏற்கெனவே மேட்டு ஊர். ஓடுபாதையும் குட்டை. அது முடிஞ்சா பள்ளம். பாதி ஓட்டத்துல ஒரு இன்ஜின் நின்னுச்சுன்னா, நிறுத்த இடமும் இருக்காது, எழும்பத் தெம்பும் இருக்காது."

"எனக்கே பாடமா? இருபது வருஷமா இந்த வேலையில குப்பை கொட்டறேன். ஒண்ணும் ஆகாது. எழுந்திரு நாற்காலியை விட்டு!"

எழுந்தாள்.

பக்கத்து மேஜைக்காரருக்கு ஆபீஸில் 'ஆமாம் சாமி' என்று பெயர். மேனேஜர் விரலை நீட்டியதும் வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே நானூறு என்று எழுதினார். கையெழுத்தும் போட்டார். தாள் விமானத்துக்குப் போனது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அறுபத்தெட்டுப் பேர் ஏறியாயிற்று. எடை போட்ட சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை இழுத்தாள்.

"எங்கே போறே?"

"விமானிகிட்ட."

"போனா உன் வேலை போயிடும்!"

"வேலைதானே சார் போகும்?"

தார்த்தரையின் சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. படியேறி, விமானியின் கையில் சீட்டைத் திணித்தாள். அவர் சீட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது நிஜம்?"

"சீட்டுதான் சார். நானே நின்னு எடை போட்டது."

அவர் முகம் சிவந்தது. "விமானம்னு சொல்லி சவப்பெட்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்றாங்களா? அந்தப் பெட்டிங்க இறங்கற வரைக்கும் இது ஓர் அடி நகராது."

பெட்டிகளை இறக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பயணிகளைத் திரும்பக் கூடத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"ஏத்தறாங்க, இறக்கறாங்க. நாங்க என்ன ஆட்டு மந்தையா?"

மேனேஜர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "எல்லாரும் மன்னிக்கணும். எங்க ஊழியர் ஒருத்தரோட வீம்பால வந்த தாமதம் இது. அதோ நிக்கறாங்களே, அவங்கதான். கண்டிப்பா நடவடிக்கை எடுப்பேன்."

அத்தனை கண்களும் அவள்மேல் திரும்பின. "ஒரு பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?" என்றது ஒரு குரல்.

ஒருவழியாக விமானம் கிளம்பியது. அந்தப் பெட்டிகள் இல்லாமலேகூட முக்கி முனகி, ஓடுபாதையில் முக்கால்வாசிக்கு மேல் தின்றுவிட்டுத்தான் எழும்பியது. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்தபோது மேஜைமேல் தற்காலிக வேலை நீக்க உத்தரவு தயாராக இருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது," என்றார் மேனேஜர்.

"எந்த விசாரணையில கேட்டாலும் ஆயிரத்து இருபதுன்னுதான் சொல்வேன்."

"உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளிங்களாலதான் இந்தக் கம்பெனி உருப்படாம இருக்கு!"

கதவை அறைந்துவிட்டு, கஸ்டமரைச் சமாதானப்படுத்தக் கிளம்பிப் போனார்.

அவள் தன் பையில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

"மேனேஜர் இருக்காரா? நான் அவர் சம்சாரம் பேசறேன். எத்தனை தடவை செல்லுக்கு அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கறார்."

"வெளியே போயிருக்கார்மா. ஏதாவது சொல்லணுமா?"

"நானும் பொண்ணும் நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம்னு மட்டும் சொல்லிடுங்க. நாங்க மதிய விமானத்துலதான் வர்றதா இருந்தோம். அவர்தான் நேத்தே டிக்கெட்டை மாத்தி, விடிஞ்சதும் முதல் விமானத்துல கிளப்பி விட்டார். 'வெயில் நேரத்துல, அவ்வளவு சரக்கோட அது எழும்புமோ எழும்பாதோ... என் பொண்ணை அதுல ஏத்த மாட்டேன்'னு சொல்லிட்டார்!"