முதல் ஆமென்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் சபையின் மாடி அறையில் இருந்தவர்கள்: கையில் மாவுக்கட்டோடு வினுஷா, சபையின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தும் நான், ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் மூன்று பேர்.

போனில் பாஸ்டர் கத்தினார்.

"புருஷன் கையை உடைச்சான், இப்ப கொல்லத் தேடுறான். அதனாலதானே அவளை அங்க ஒளிச்சு வச்சோம்? மாடி நம்பரோட ஜெப விண்ணப்பம் போட்டிருக்கியே! அவ தனியா இருக்கான்னு வேற!"

"விவரமாப் போட்டாத்தான் ஜனங்க விவரமா ஜெபிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, பாஸ்டர்?"

"அவன் பார்த்துட்டா?"

"பார்த்துட்டான். முதல் 'ஆமென்' அவன் போட்டதுதான்."

போனை அணைத்தேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு சுத்தியலோடு அவன் உள்ளே வந்தான். அவன் கண்ணுக்கு அவளும் நானும்தான் தெரிந்தோம்.

"இன்னொரு கை மிச்சம் இருக்குலா. நீட்டுடி."

வினுஷா எழுந்தாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். அந்த போஸ்டை எழுதினதே நான்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அவளுடைய மூன்று அண்ணன்களும் ஆளுக்கொரு இரும்புக் குழாயோடு வந்து அவனைச் சூழ்ந்தார்கள். சுத்தியல் தரையில் விழுந்தது.

வினுஷா அவனைக் கடந்து போய், உடையாத கையால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.