காந்தம்

"இது உன் தலைமுடிக்குள்ள எப்படி வந்துச்சு?"

சோதனைக்காரி விரல் நுனியில் பிடித்திருந்த இரும்புக் கொண்டை ஊசியைப் பார்த்ததும், ஆலை வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். உள்ளே வெடிமருந்து அடைக்கும் கூடம். ஒரு பொறி பறந்தால் போதும், கட்டடம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். போர் தொடங்கியதிலிருந்து உள்ளே போகிற யாருக்கும் ஊசி, வளையல், கொக்கி எதுவும் கூடாது. செருப்பில் ஆணிகூடக் கூடாது. முடியைத் துணி நாடாவால்தான் கட்ட வேண்டும்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றாள் மாட்டிக்கொண்டவள். சின்னப் பெண். மருந்துத் தூள் ஏறி ஏறி அவள் முகமும் கைகளும் மஞ்சளாகிவிட்டிருந்தன. இருமிக்கொண்டே பேசினாள்.

"வாசல்ல அம்மா எல்லாம் கிடையாது. தள்ளி நில்லு."

பெற்ற அம்மாதான். ஆனால் வேலையில் அவளுக்கு உறவு, நட்பு எதுவும் கிடையாது. பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் காந்தம். அவள் கைக்குத் தப்பி ஒரு குண்டூசி உள்ளே போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கைக்குப் பயந்தே சாப்பாட்டு வேளையில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அத்தனை நீளப் பெஞ்சில் தனியாக இருப்பவளிடம் தட்டை எடுத்துக்கொண்டு வருகிற ஒரே ஆள் மகள்தான்.

தினமும் அம்மாவின் வரிசையில் வருகிறவள், இன்றைக்கு அங்கே கூட்டம் அதிகம் என்று பக்கத்து வரிசைக்குப் போய்விட்டாள். அந்த வரிசைக்காரி தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிற ரகம். காந்தம்தான் அலறாத குறையாகக் கூப்பிட்டு மகளைத் தன் பக்கம் வரவழைத்தாள்.

"அங்கேயே நின்னிருந்தா தப்பிச்சிருப்பா, பாவம்," என்றாள் ஒருத்தி.

"அவ தப்பிச்சிருப்பா. நாம எல்லாரும் மேல போயிருப்போம்," என்றாள் இன்னொருத்தி.

மேற்பார்வையாளர் வந்து ஊசியை வாங்கிப் பார்த்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"உங்க பொண்ணாச்சேம்மா. இந்த ஒரு தடவை எச்சரிச்சு விட்டுடலாமா?"

"சட்டைக் கொக்கிக்காகப் போன மாசம் ஒருத்தியை வேலையைவிட்டே அனுப்பினீங்களே சார். இவளை விட்டுட்டா, நாளைக்கு நான் எந்த முகத்தோட மத்தவங்க தலையில கை வைக்கிறது?"

மகளுக்கு வேலை போயிற்று. வேலை போனவர்கள் அன்றே ஆலைக் குடியிருப்பைவிட்டு வெளியேற வேண்டும். வேறு எந்த வெடிமருந்து ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள்.

"பெத்தவளா இவ? கல்நெஞ்சக்காரி," என்று காதுபடவே சொன்னார்கள். காந்தம் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, மகள் தன் துணிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தாள். இரவு ரயிலில் சித்தி வீட்டுக்குப் போகிறாள். தோட்ட வேலை கிடைக்கும். காற்று நன்றாக இருக்கும்.

இருந்தது ஒரே அறை. சுவரில் போர்முனைக்குப் போன மகனின் படம். இனி இந்த அறையிலும் அவள் தனிதான், அந்தப் பெஞ்சிலும் தனிதான். நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேலையை விடு, விடுன்னு எத்தனை தடவை கெஞ்சினே," என்றாள் மகள். "என் மேசையில கூட வேலை பார்த்தவ இதே இருமல்ல போய்ச் சேர்ந்தப்பகூட, அண்ணனுக்குக் குண்டு யார் அடைச்சுத் தருவான்னு உன்கிட்ட மல்லுக்கு நின்னேன். இப்ப பாரு, என் கவனக்குறைவே என்னை வெளிய தள்ளிடுச்சு."

"போனது போகட்டும் விடு."

"எப்படிம்மா விடறது? பழைய ஊசி எதுவோ தலையணையில கிடந்து ஒட்டிக்கிச்சு போல. நீ மட்டும் கூப்பிடலன்னா எத்தனை பேரைக் கொன்னிருப்பேன். உன் மேல எனக்குக் கோபமே இல்லம்மா. சாகற வரைக்கும் என்னைத்தான் என்னால மன்னிக்க முடியாது."

அம்மா பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தாள்.

மகள் சீப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு. காலையில மாதிரியே இன்னொரு தடவை பின்னிவிடும்மா. எத்தனை வருஷம் கழிச்சு நீயா கூப்பிட்டு உட்கார வெச்சே. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

அம்மா கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். காலையில் அந்த ஊசியைச் செருகிய இடம் வந்ததும் அவள் விரல்கள் சற்று நின்றன. பிறகு வெறும் நாடாவை வைத்து இறுக்கிக் கட்டின.